முற்பகல் ஒன்பது முதல் ஒரு மணி வரை

வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்குத் தென்கிழக்கே, மேக்னா ஆற்றை ஒட்டி மத்லப் என்ற வட்டாரம் இருக்கிறது. பொதுச் சுகாதாரம் படித்தவர்களுக்குப் பழக்கமான பெயர் இது. 1960களின் தொடக்கத்தில் காலரா ஆராய்ச்சிக்காக அங்கே ஒரு களநிலையம் அமைந்தது. 1966 முதல் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய், யார் பிறந்தார், யார் இறந்தார், எதனால் இறந்தார், யார் ஊரைவிட்டுப் போனார் என்று எழுதி வருகிறார்கள். ஏழை நாட்டின் கிராமப்புறத்தில் இத்தனை காலம் இத்தனை ஒழுங்காக நடந்துவரும் பதிவு உலகில் மிகச் சிலவே.

அந்தப் பதிவுகளிலிருந்து இரண்டு எண்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1983இல், ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் இறப்புகளில் 9 சதவீதம் நீரில் மூழ்கியதால் நேர்ந்தவை. 2000இல் அது 53 சதவீதம். பார்த்ததும், அந்தப் பதினேழு ஆண்டுகளில் குளங்கள் திடீரென்று ஆபத்தாகிவிட்டன என்று நினைக்கத் தோன்றும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மூழ்கிச் சாகும் குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருந்தது. குறைந்தவை மற்ற சாவுகள். வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் வந்தது. தட்டம்மைக்குத் தடுப்பூசி வந்தது. இரண்டையும் வங்கதேசத்துச் சுகாதாரப் பணியாளர்கள் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மருத்துவத்தின் பெரும் வெற்றிகளில் ஒன்று அது. ஆனால் எட்டு மாதத்தில் வயிற்றுப்போக்கிலிருந்து பிழைத்த குழந்தை, பதினெட்டு மாதத்தில் வீட்டுக்குப் பின்னாலிருந்த குளத்தில் போய்விட்டது. அதைத் தடுக்க எவரிடமும் எந்தத் திட்டமும் இல்லை. அந்தச் சாவை ஒரு நோய்க்கு நிகராக எண்ணிப் பார்க்கவே நெடுங்காலம் ஆயிற்று.

நாடு முழுவதற்குமான கணக்கு 2003இல்தான் கிடைத்தது. வங்கதேச அரசின் சுகாதாரத் துறையும் யுனிசெஃபும் பிற நிறுவனங்களும் சேர்ந்து 1,70,000க்கும் மேற்பட்ட வீடுகளில், 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி விசாரித்து ஒரு காய ஆய்வை நடத்தின. ஆண்டுக்கு ஏறத்தாழ 17,000 குழந்தைகள், அதாவது நாளொன்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள், நீரில் மூழ்கி இறக்கிறார்கள் என்று அது சொன்னது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணம் நிமோனியாவும் அல்ல, ஊட்டச்சத்துக் குறைவும் அல்ல; தண்ணீர். மருத்துவமனைப் புள்ளிவிவரங்களை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. மூழ்கிய குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதில்லை. குளக்கரையிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. வீடு தேடிப் போய்க் கேட்டதால்தான் அந்தச் சாவுகள் எண்ணிக்கைக்குள் வந்தன.

வங்கத்தின் தாழ்நிலக் கிராமத்தில் வீடு கட்டும் முறையைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மழைக்காலத்தில் வயல்வெளியெல்லாம் நீரில் கிடக்கும். அதனால் வீட்டை மேட்டில்தான் கட்ட வேண்டும். மேட்டுக்கு மண் எங்கிருந்து வரும்? பக்கத்திலேயே வெட்டுகிறார்கள். மண் எடுத்த பள்ளம் குளமாகிறது. வீடும் குளமும் ஒரே வேளையில், ஒரே மண்வெட்டியால் உருவாகின்றன. அந்தக் குளத்தில்தான் குளியல், பாத்திரம் துலக்கல், துணி துவைப்பு, மீன் வளர்ப்பு எல்லாம். சில வீடுகளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இவை போக, சாலை போட மண் எடுத்த குழிகள், கால்வாய்கள், முற்றத்து வாளிகள். சிறு குழந்தைகள் மூழ்கும் இடங்களில் மிகப் பெரும்பாலானவை வீட்டிலிருந்து இருபது மீட்டருக்குள் இருப்பவை. தளர்நடை போடும் குழந்தைக்கே அது சில நிமிடத் தூரம்தான்.

மீதிப் பாதி விடை கடிகாரத்தில் இருக்கிறது. சாவுகள் நாள் முழுக்கச் சீராகப் பரவியிருக்கவில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை குவிந்து கிடந்தன. அந்த நேரத்தில் ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கணவர் வயலுக்கோ கடைத்தெருவுக்கோ போயாயிற்று. பெரிய பிள்ளைகள் பள்ளியில். பகல் உணவுக்கான வேலை அந்தப் பெண்ணின் தலையில். அரிசி களைய வேண்டும், அரிவாள்மணையில் உட்கார்ந்து மீன் அரிய வேண்டும், காலையில் சேர்ந்த பாத்திரங்களைப் படித்துறைக்குக் கொண்டுபோக வேண்டும், அடுப்பெரிக்கச் சுள்ளி வேண்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தை காலைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அடுப்பில் சோறு பொங்குகிறது, அவள் திரும்புகிறாள், அவ்வளவுதான். நீரில் விழுந்த சிறு குழந்தை கத்துவதில்லை, கைகால் அடித்து ஓசை எழுப்புவதும் அரிது. சோற்றை வடித்துவிட்டுத் தேடத் தொடங்கும்போது நேரம் கடந்துவிட்டிருக்கும். பல வீடுகளில் காவல் என்பது ஏழெட்டு வயது அக்காளின் பொறுப்பு. பள்ளி நாட்களில் அந்தக் காவலும் இல்லை.

நடமாடத் தொடங்கிய குழந்தைக்கு நம் வீடுகளில் கொலுசு போடுவதில் அழகோடு ஒரு பயனும் உண்டு: சத்தம் கேட்கும் வரை அம்மா வேலையைப் பார்க்கலாம். வங்கத்துத் தாய்மாரும் தாயத்தில் தொடங்கித் தங்களுக்குத் தெரிந்த காப்பையெல்லாம் செய்து பார்த்தவர்கள்தாம். குழந்தை போன பிறகு ஊரும் உறவும் முதலில் குற்றம் சொல்வது அவர்களைத்தான். இதை நான் ஏற்கவே மாட்டேன். ஒரே ஆள் ஒரே நேரத்தில் அடுப்பையும் படித்துறையையும் குழந்தையையும் பார்க்க முடியாது என்பது அந்த ஆளின் குணக்குறை ஆகாது. ஆயிரக்கணக்கான வீடுகளில், ஒரே வயதில், ஒரே நேரத்தில், ஒரே தூரத்தில் ஒரு சாவு நடக்கிறது என்றால், அதற்கான காரணத்தை ஒவ்வொரு தாயின் கவனத்திலும் தேடுவது வீண்.

இப்படி யோசிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாடன். 1966இல் அந்நாட்டின் மத்திய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு முதல் தலைவரானவர். காயத்தை விதியின் கணக்கில் எழுதாமல், நோயைப் போல ஆராய வேண்டும் என்றார். நிகழ்வதற்கு முன், நிகழும்போது, நிகழ்ந்த பின் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மனிதரிடம் எதை மாற்றலாம், பொருளில் எதை மாற்றலாம், சூழலில் எதை மாற்றலாம் என்று கட்டம் போட்டுக் காட்டினார். ஆட்கள் எப்போதும் விழிப்பாக இருப்பதை நம்பியிருக்கும் தடுப்பைவிட, யாரும் எதுவும் செய்யாமலே தானாகக் காக்கும் தடுப்பே உறுதியானது என்பது அவருடைய கட்சி.

நியூயார்க்கில் அது அழகாகப் பலித்தது. அடுக்குமாடி ஜன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுந்து இறப்பது அங்கே வழக்கமாக இருந்தது. 1972இல் நகரச் சுகாதாரத் துறை, விழுந்த குழந்தைகளின் வீடுகளைத் தேடிப் போய் விசாரித்தது. பெற்றோருக்கு எடுத்துச் சொன்னது. கூடவே ஜன்னல் கம்பித் தடுப்புகளை இலவசமாகக் கொடுத்தது. விழும் குழந்தைகளின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது. 1976இல், பத்து வயதும் அதற்குக் குறைவும் உள்ள குழந்தைகள் இருக்கும் வீடுகளில் கம்பித் தடுப்புப் போடுவது வீட்டு உரிமையாளரின் கடமை என்று விதியே வந்தது. அறிவுரையோடு நிறுத்தியிருந்தால் அது நடந்திருக்காது.

ஆனால் மத்லப்பில் எந்த ஜன்னலுக்குக் கம்பி போடுவது? குளத்தைச் சுற்றி வேலி கட்டலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பணக்கார நாடுகளின் நீச்சல் குளங்களுக்கு அது சரி. இங்கே நாளைக்கு இருபது முறை புழங்கும் குளம். நாலு வீட்டுக்குப் பொதுவான குளம். மழைக்காலத்தில் கரை எது, வயல் எது என்று தெரியாமல் விரியும் குளம். ஒன்றுக்கு வேலி கட்டினால் அடுத்தது திறந்து கிடக்கும். குளத்துக்குப் போட முடியாத வேலியைக் குழந்தைக்குப் போடலாம் என்று, மரச்சட்டத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த விளையாட்டுக் கூண்டுகளை வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சமைக்கும்போது குழந்தையை உள்ளே விடலாம். ஒரு வயதுக் குழந்தை கொஞ்ச நேரம் இருக்கும். இரண்டு வயதானது அழும், ஏறும், வெளியே வரும். அம்மா தூக்கித்தான் ஆக வேண்டும். ஹாடன் விரும்பிய, தானாகக் காக்கும் பொருள் இங்கே அகப்படவில்லை. தேவைப்பட்டது இன்னொரு மனிதர்.

2006இல் காயத் தடுப்பு ஆய்வு மையம் ஒன்று, ராய்கஞ்ச், ஷேர்பூர், மனோகர்தி ஆகிய மூன்று வட்டாரங்களில் ஒரு பெரிய முயற்சியைத் தொடங்கியது. அதில் பிறந்ததுதான் ‘ஆஞ்சல்’ என்ற காப்பகம். வங்காளியில் ஆஞ்சல் என்றால் முந்தானை. ஏற்பாடு மிக எளியது. ஊருக்குள்ளேயே, கொஞ்சம் படித்த, பிள்ளைகளிடம் பொறுமையுள்ள ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்கு ஆஞ்சல் மா, அதாவது ஆஞ்சல் அம்மா என்று பெயர். உதவிக்கு இன்னொரு பெண். அவர் வீட்டு அறையோ பக்கத்து வீட்டு அறையோதான் இடம். சுற்றுவட்டாரத்தில் ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் சுமார் இருபத்தைந்து பேர். வாரத்தில் ஆறு நாள். நேரம், காலை ஒன்பது முதல் பகல் ஒரு மணி வரை.

இந்த நேரத்தை யாரும் வசதிக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. சாவுக் கணக்கு சொன்ன நேரம் அது. இந்தத் திட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்த அம்சமும் இதுதான். நாள் முழுக்கக் காப்பகம் நடத்தப் பணமில்லை. நாள் முழுக்கத் தேவையும் இல்லை. எந்த நான்கு மணி நேரத்தில் ஒரு தாய்க்கு இரண்டு கண்கள் போதவில்லையோ, அந்த நான்கு மணி நேரத்துக்கு இன்னும் இரண்டு ஜோடிக் கண்களைக் கொடுத்தார்கள்.

அறைக்குள் போனால் தரையில் பாய், சுவரில் பிள்ளைகள் கிறுக்கிய படங்கள், எழுத்துகள், எண்கள், மீனும் மாம்பழமும் வரைந்த அட்டைகள். வாசற்படியில் குழந்தை தாண்ட முடியாத உயரத்துக்கு ஒரு தடுப்பு. அந்தத் தடுப்பு இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. அம்மாமார் கொண்டுவந்து விடும்போது பெயர் எழுதிக்கொள்கிறார்கள். வராத குழந்தை ஏன் வரவில்லை என்று விசாரிக்கிறார்கள். பாட்டு, கைத்தட்டல், கதை, கை கழுவப் பழக்குதல். ஒருவர் பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் மற்றவர் தூங்கும் குழந்தையையும் வெளியே போகத் துடிக்கும் குழந்தையையும் பார்க்கிறார். மாதம் ஒருமுறை பெற்றோர் கூட்டம். ஊரில் முற்றக் கூட்டங்கள் நடத்தி, எந்தக் குளம் எந்த வீட்டுக்குக் கிட்டே இருக்கிறது, எந்த வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று பேசுகிறார்கள். ஊர்ப் பெரியவர்களைக் கொண்ட குழு ஒன்று மேற்பார்வை பார்க்கிறது. ஒரு சாவு நேர்ந்துவிட்டால், சில இடங்களில் ஊராரைக் கூட்டி, யாரையும் குற்றம் சாட்டாமல், அன்று காலை என்ன நடந்தது, எந்த இடத்தில் எதைச் செய்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று அவர்களையே சொல்ல வைக்கிறார்கள். கடினமான கூட்டம் அது. அந்தக் குடும்பத்தின் மேல் விழுந்த பழியை ஊர் தானே எடுத்து அகற்றவும் அதுவே வழி.

பலன் என்ன? 2012இல் வெளியான கணக்கின்படி, காப்பகத்துக்கு வந்த குழந்தைகளிடையே மூழ்கிச் சாகும் விகிதம், வராத குழந்தைகளின் விகிதத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பொதுச் சுகாதாரத்தில் எண்பது சதவீதம் குறைக்கும் தலையீடு அபூர்வம். தடுப்பூசிகளை இப்படிப் பேசுவோம், ஓர் அறையையும் இரண்டு பெண்களையும் இப்படிப் பேசுவதில்லை. 2013 முதல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் டாக்காவின் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து ஏழு வட்டாரங்களில், ஏறத்தாழ 80,000 குழந்தைகளிடம் காப்பகத்தையும் கூண்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும் சோதித்தன. 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டுதல் வெளியிட்டபோது, அது கையிலெடுத்தது இரண்டை: சிறு குழந்தைகளுக்குப் பகல்நேரக் காப்பகம், அதைக் கடந்தவர்களுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும்.

நீச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளர்ந்த பிள்ளையை அறைக்குள் வைத்திருக்க முடியாது; அவர்கள் குளத்துக்குப் போகத்தான் போவார்கள். ஊர்க் குளத்திலேயே மூங்கிலால் தளம் கட்டி, ஆழத்தை அளவாக்கி, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் படிப்படியாகக் கற்றுக்கொடுத்தார்கள். இலக்கு பதக்கம் அல்ல. இருபத்தைந்து மீட்டர் நீந்த வேண்டும், முப்பது விநாடி மிதக்க வேண்டும், மூழ்கும் நண்பனுக்குத் தான் தண்ணீரில் குதிக்காமல் கழியை நீட்ட வேண்டும். கற்ற பிள்ளைகளின் மூழ்கும் விகிதம், கல்லாதவர்களோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு ஏழு என்ற அளவுக்கு இறங்கியது. பெண் பிள்ளைகளுக்குப் பெண்களே கற்பித்தார்கள். இல்லாவிட்டால் பாதி ஊர் வந்திருக்காது.

ஹாடன் பிரித்த மூன்றாவது கட்டம், தண்ணீரிலிருந்து எடுத்த பிறகு. குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவது என்ற பழக்கங்கள் வங்கத்திலும் உண்டு, நம்மூரிலும் உண்டு. மூச்சுக் கொடுக்க வேண்டிய நிமிடங்களை அவை தின்றுவிடுகின்றன. மூச்சு நின்ற குழந்தைக்கு உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவதும், மார்பை அழுத்துவதும் பயிற்சியால் வருபவை. ஊருக்குச் சிலருக்காவது அது கைவந்திருக்க வேண்டும் என்பதால் முதலுதவிப் பயிற்சியும் இந்தப் பணியில் சேர்ந்தது.

இனிதான் சிக்கலான பகுதி. யார் பணம் கொடுப்பது? ஆய்வு நடக்கும் வரை வெளிநாட்டு நிதி வரும். ஆய்வு முடிந்தால் ஆஞ்சல் அம்மாவின் மதிப்பூதியம் நிற்கும். அதற்கடுத்த வாரம் குழந்தை மீண்டும் படித்துறையோரம் இருக்கும். தடுப்பூசிக்கு அரசின் வரவு செலவுத் திட்டத்தில் நிரந்தரத் தலைப்பு உண்டு. ஊர்ப் பெண் ஒருத்தி நாலு மணி நேரம் பார்த்துக்கொள்வதற்கு எந்தத் துறையில் தலைப்பு? சுகாதாரத் துறை, இது குழந்தைநலம் என்கிறது. குழந்தைநலத் துறை, இது சுகாதாரம் என்கிறது. பெண்கள் காலங்காலமாகச் சும்மா செய்துவந்த வேலை என்பதால், அதற்குக் கூலி கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லா நாட்டிலும் மெதுவாகத்தான் வருகிறது.

2021 ஏப்ரலில் வங்கதேசமும் அயர்லாந்தும் முன்னெடுத்த தீர்மானத்தை ஏற்று, ஐ.நா. பொதுச்சபை ஜூலை 25ஐ நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. அதைவிடப் பெரிய செய்தி அடுத்த ஆண்டு வந்தது. வங்கதேச அரசு தன் சொந்தத் திட்டமாக, 16 மாவட்டங்களில் 8,000 சமுதாயக் காப்பகங்கள், 2 லட்சம் குழந்தைகள் என்ற இலக்கோடு பெண்கள்-குழந்தைகள் நலத் துறையின் கீழ் இதை ஏற்றது. நாட்டில் மாவட்டங்கள் 64. வழி மிச்சமிருக்கிறது. ஆனால் ஆய்வேட்டில் இருந்த ஒன்று அரசின் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைந்தது சிறிய காரியம் அல்ல. திட்டக்காலம் முடியும்போது அது நிரந்தரச் செலவாகிறதா, அடுத்த நிதிக்குக் காத்திருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உலக அளவில் 2021இல் ஏறத்தாழ 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் நாலில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம், மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்தில் அதே மண், அதே குளம், அதே சமையல் நேரம். அங்கே வீடு வீடாக நடந்த ஆய்வில், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள் லட்சத்துக்கு 240க்கும் மேற்பட்டோர் ஆண்டுதோறும் மூழ்கி இறப்பது தெரியவந்தது. 2023 டிசம்பரில் இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் நீரில் மூழ்குதல் தடுப்புக்கான செயல்திட்டச் சட்டகத்தை வெளியிட்டது.

தமிழ்நாட்டில் வீடும் குளமும் அப்படி ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. ஆனால் ஓர் இடத்தில் நிலைமை அதேதான். நூறு நாள் வேலையில் பெரும்பாலும் செய்வது ஏரி, குளம், வரத்து வாய்க்கால் தூர்வாருவது. செய்பவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். நேரமும் முற்பகல். அங்கன்வாடி இரண்டு வயதுக்கு மேல்தான் சேர்த்துக்கொள்ளும். ஒன்றரை வயதுக் குழந்தை அம்மாவோடு வரப்புக்கு வரும், அல்லது வீட்டில் பாட்டியோடு இருக்கும். பாட்டியும் வேலைக்கு வந்திருந்தால்? நூறு நாள் வேலைக்கு வழிசெய்த 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இதை யோசித்தே எழுதப்பட்டது. வேலையிடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து, மற்றவர்களுக்குரிய அதே கூலியை அவருக்கும் கொடுக்க வேண்டும் என்றது அதன் விதி. வங்கதேசம் ஆய்வு நடத்தி, நன்கொடை திரட்டி, பதினாறு ஆண்டுகள் கழித்து எட்டிய ஏற்பாட்டின் வித்து இந்தியச் சட்டத்தில் ஏற்கெனவே எழுத்தாக இருந்தது. வேலைத் திட்டம் எந்தப் பெயரில் தொடர்ந்தாலும், வருகைப் பதிவேட்டில் அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி இருக்க வேண்டும். அவர் கையில் மண்வெட்டி இருக்கக் கூடாது. மரத்தடியில் கட்டிய ஏணைக்கும் ஏரிக்கும் நடுவில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கிராம சபையில் எழுந்து கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: அந்த வரியில் யார் பெயர் இருக்கிறது?